மயில்கழுத்து நிறக் கணு

முப்பத்தைந்து வருஷக் குடும்பத்தைப் பிரித்து வைக்கக் கோர்ட்டுக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. பந்தலைப் பிரிக்கத்தான் மூன்று மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.

மருதாசலம் அன்று வெள்ளனவே வந்து உட்கார்ந்துவிட்டார். அவினாசி ரோட்டில் ஒரு பழைய ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ‘கூட்டுச் சிந்தனைப் பிரிப்பு மையம்’ என்று வாசலில் பலகை. உள்ளே காத்திருந்தவர்களில் கணவன் மனைவியைவிடத் தொழிலில் முறைத்துக்கொண்ட பங்காளிகள்தான் அதிகம். இது யார் யோசனை, அது யார் யோசனை என்று சட்டையைப் பிடிக்காத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மருதாசலத்துக்கு அப்படிப்பட்ட வழக்கு எதுவும் கிடையாது. அவருக்கு ஒரே ஒரு கணு வேண்டும். மிச்சத்தையெல்லாம் மனைவி இந்துமதியே மூட்டை கட்டிக்கொண்டு போகட்டும்.

பந்தல் என்பது பெரிய மாயமொன்றுமில்லை. இணையத்தில் தேடிப் படிக்கிறவர்கள், படித்ததை ஒழுங்கு செய்யத் திரையில் படம் வரைந்து பார்ப்பது பழைய பழக்கம். நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து கிளைகள், கிளைக்கு ஒரு கிளை. மவுஸைப் பிடித்து இழுத்து இழுத்துச் செய்த அந்த வேலையைப் பந்தல் தானே செய்தது. காதுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு பட்டை. எதையோ படிக்கும்போது, ‘அட, இது அதோட சேருதே’ என்று மனசில் ஒரு பொறி தட்டும் பாருங்கள், அந்த நொடியிலேயே ஒரு கணு முளைத்து, கோடு ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். தேடியவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

மனித மூளை இருக்கிறதே, அது சோம்பேறி. சுமக்க வேறு ஆள் உண்டென்று தெரிந்தால் உடனே இறக்கி வைத்துவிடும். பந்தலில் ஏறியதையெல்லாம் அது இறக்கி வைத்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்னே போன் நம்பரெல்லாம் மறந்தபோது யார் உட்கார்ந்து அழுதார்கள்?

மருதாசலமும் இந்துமதியும் தேடியது, ஊர்களில் இல்லாமல் போன சத்தங்களை. ஈயம் பூசுகிறவரின் கூவல், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஐம்பது கை ஒன்றாகத் தட்டுகிற ஓசை, டூரிங் கொட்டகையில் படம் தொடங்குமுன் போடும் பாட்டு. யாரோ என்றோ இணையத்தில் ஏற்றிவிட்டு மறந்த வீடியோக்களின் ஓரத்தில் அவை கிடந்தன. இருவருக்கும் ஒரே பந்தல். அவருடைய கணு பச்சை, அவளுடையது நீலம். இரண்டு பேருக்கும் ஒன்றாகத் தோன்றினால் கணு மயில்கழுத்து நிறத்தில் வரும். முதல் வருஷங்களில் மயில்கழுத்துக் கணு ஒன்று முளைத்தால் அடுப்படியிலிருந்து அவளும் மேஜையிலிருந்து அவரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

அப்புறம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. “இன்னிக்கு ஒண்ணு படிச்சேன் இந்து” என்று அவர் ஆரம்பித்தால், “பாத்தனுங்க” என்பாள். பார்த்துத்தான் இருப்பாள், பந்தலில் இருக்கிறதே. அவருக்கும் அப்படியே. எதைச் சொல்ல வந்தாலும் அது தெரிந்த செய்தியாக இருந்தது. வீட்டில் பேச்சு குறைந்து, குழம்புக்கு உப்புப் போதுமா என்கிற அளவில் வந்து நின்றது. இரண்டு வருஷம் முன்னால் ஒரு நாள் அவள், “என் தலைக்குள்ள எனக்குன்னு ஒரு எடம் வேணுங்க” என்று சொல்லிவிட்டுத் திருப்பூரில் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். இதென்ன புதுசாக ஒரு குறை என்று அவருக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அவருக்கு வேண்டிய கணு பந்தலின் நடுவட்டம். மில் சங்கு. அவர்கள் இருவரையும் ஒன்று சேர்த்தது அதுதான்.

இந்துமதி வந்தாள். தலை முன்னைவிட நரைத்திருந்தது. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

“சாப்டீங்களா?”

“ஆச்சு. நீ?”

“ஆச்சுங்க.”

பிரித்துத் தரும் அலுவலர் ஷாகிரா நடுவயதுக்காரி. பத்துப் பதினைந்து வருஷமாக அடுத்தவர் யோசனைகளைப் பாகம் பிரித்து அலுத்துப்போன முகம். ஆனால் குரலில் தன்மை இருந்தது. இருவரையும் பட்டையை மாட்டிக்கொள்ளச் சொல்லி, சுவரில் பந்தலை விரித்துக் காட்டினாள். பச்சையும் நீலமும் சிக்கலில்லாமல் இரண்டு பக்கம் ஒதுங்கின. மயில்கழுத்து நிறத்தில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டாள். “அவளே எடுத்துக்கட்டும்” என்று மருதாசலம் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் நடுவட்டம்.

“இது எனக்கு வேணுங்க” என்றார்.

“எனக்கும் வேணும்” என்றாள் இந்துமதி.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆளுக்கொரு காப்பி போட்டுக் குடுத்துட்டா?” என்று கேட்டார்.

“போடலாங்க” என்றாள் ஷாகிரா. “ஆனா ஒரே கணு ரெண்டு பந்தல்ல இருந்துதுன்னா, அது ஒண்ணையொண்ணு தேடிப் புடிச்சு மறுபடியும் ஒட்டிக்கும். போன வருசம் ஒரு டாக்டர் வீட்ல அப்படித்தான் ஆச்சு. பிரிஞ்சு ஆறு மாசம் கழிச்சு, அந்தம்மா பருப்பு தாளிச்சுட்டு இருக்கறப்ப, அந்த டாக்டர் வேற ஒருத்தியோட படம் பாக்கற நெனப்பு உள்ளே வந்து நின்னுருக்குது. ரெண்டு வீட்லயும் ரகளை.”

“அப்ப என்ன பண்றது?”

“ஒரு வழி இருக்குது. பந்தல்ல எழுதியிருக்கறதைப் பாக்காம, ரெண்டு பேரும் அதை உங்க வாயால சொல்லோணும். நடந்தது நடந்தபடி, உங்க மனசுல இருக்கற மாதிரி. ரெண்டும் வேற வேறயா இருந்துதுன்னா ரெண்டு கணுவாயிரும், அவங்கவங்களுது அவங்கவங்களுக்கு. ஒரே மாதிரி இருந்தா யாராச்சும் ஒருத்தருக்குத்தான்.”

“கெடைக்காதவங்களுக்கு?”

“செய்தியாத் தெரியுங்க. யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி. நம்ம நெனப்பா இருக்காது.”

அந்த நினைப்பு மட்டும் இல்லையென்றால் இத்தனை வருஷத்துக்கும் தொடக்கம் என்று மருதாசலத்திடம் ஒன்றும் இருக்காது. தானே முதலில் சொல்வதாகச் சொன்னார்.

“எங்கப்பா மில்லுல வேலை பாத்தாருங்க. ஸ்பின்னிங். மில்லு மூடி ரொம்ப வருசம் ஆயிருச்சு. அப்பறம் பஞ்சுத் தூசி நெஞ்சுல எறங்கி, படுக்கையில விழுந்துட்டாரு. கடைசி மாசத்துல அவருக்கு வேற நெனப்பே இல்ல. ‘சங்கு ஊதிருச்சாடா?’ம்பாரு. சோறு வெச்சா, ‘சங்கு ஊதட்டும்’பாரு. ராத்திரி தூங்கறதுக்கும் அதே பேச்சு. எங்கீங்க ஊதறது, மில்லு இருந்த எடத்துல அபார்ட்மெண்ட் வந்துருச்சே. அந்தச் சங்குச் சத்தம் எங்கியாச்சும் நெட்ல கெடக்குமான்னு தேடத்தான் காந்திபுரத்துல ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனேன்.”

சொல்லச் சொல்ல அது கண்முன் எழுந்தது. ப்ளைவுட் அடைத்த கேபின்கள். எழுத்தெல்லாம் தேய்ந்து மொழுக்கையாகிப்போன கீபோர்டு. பஞ்சு உதிர்ந்த ஹெட்போன், அதைப் போட்டுக் கழற்றினால் காதில் கறுப்பாக ஒட்டும். வீடியோ ஒன்றைத் தட்டிவிட்டு, வட்டம் சுற்றி முடிவதற்குள் கீழே போய் முட்டை பப்ஸ் சாப்பிட்டு வந்துவிடலாம். கரண்ட் போய்ப் போய் வந்த காலம் அது. யூபிஎஸ் கீச்சுகீச்சென்று கத்தத் தொடங்கியதும் எல்லாரும் அவசர அவசரமாக எதையாவது சேமிப்பார்கள். எதைத் தேடிப் போனோமோ அது தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். சங்கு என்று போட்டால் கடற்கரைச் சங்கு வரும், கோயில் சங்கு வரும், சங்கு மார்க் லுங்கி வரும். அப்படி வழி தவறித் திரிவதிலேயே ஒரு சுகம் இருந்தது. அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. மருதாசலத்துக்கு இப்போது அதை நினைக்கவே ஏக்கமாக இருந்தது.

“கவுண்டர்ல இவ இருந்தா. காலேஜ் படிச்சுட்டே சாயங்காலம் அங்க வேலை. என்ன தேடறீங்கன்னு கேட்டா, சொன்னேன். அன்னிலிருந்து எங்கூட இவளும் தேடுனா. தெனமும் போவேன். இன்னிக்கு இல்லீங்க, நாளைக்கு வேற மாதிரி போட்டுப் பாக்கலாம்பா. அப்படியே மூணு வாரம் ஓடிருச்சு. அதுக்குள்ள அப்பா தவறிட்டாரு.”

பட்டையைக் காதோரம் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார்.

“காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு நாள் சும்மா அந்தப் பக்கம் போனேன். எப்பவும் உக்கார்ற கடைசிக் கேபின். யாரோ மூடாமப் போன ஒரு பிரௌசர் டேப்ல கல்யாண வீடியோ ஒண்ணு இருந்துது. மூடலாம்னு போனவன் எதுக்கோ ஓட விட்டேன். மில் காலனி கல்யாணம் அது. தாலி கட்டறாங்க, மேளம் கொட்டறாங்க, அந்தச் சத்தத்துக்கு மேல எங்க மில்லு சங்கு ஊதுது. நான் எந்திரிச்சு நின்னுட்டேன். இவ ஓடி வந்தா. நான்தாங்க கண்டுபுடிச்சேன். ஆனா என்ன பிரயோசனம்? தேடத் தெரியாம சங்கு சங்குன்னே போட்டுட்டு இருந்தேன். கொஞ்சம் புத்தியாத் தேடியிருந்தா அப்பா இருக்கறப்பவே கெடச்சிருக்கும். அவரு கேட்டுட்டுக் கண்ணை மூடியிருப்பாரு. இன்னிக்கும் அது எனக்கு ஆறலை.”

சுவரில் பச்சை நிறத்தில் புதுக் கணு ஒன்று முளைத்தது. ஷாகிரா இந்துமதியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

இந்துமதி சேலைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள்.

“பந்தல்ல இருக்கற மாதிரியேதான் சொல்லோணும்னு இருந்தேன்” என்றாள் கடைசியில். “ரெண்டு பேரும் சேந்து கண்டுபுடிச்சோம்னு. ஆனா இவரு ஆறலைங்கறாரே. இத்தனை வருசம் இதை இவரு வாய் விட்டுச் சொன்னதே இல்லீங்க.”

“உங்க மனசுல இருக்கறதைச் சொல்லுங்கம்மா.”

“மொத நாளே எனக்குக் கெடச்சிருச்சு.”

மருதாசலத்துக்குப் புரியவில்லை. “எது?”

“அந்த வீடியோ. நீங்க எந்திரிச்சுப் போனதும் நான் உக்காந்து தேடுனேன். சங்குன்னு போடலை. சங்கை யாரும் படம் புடிக்க மாட்டாங்க, ஆனா அது ஊதறப்ப பக்கத்துல வேற எதையாச்சும் புடிச்சிருப்பாங்கன்னு தோணுச்சு. மில் காலனி கல்யாணம்னு போட்டேன். நாலாவதா வந்துது. கீழ ஒருத்தர் எழுதியிருந்தார், சங்குச் சத்தம் கேட்டுக் கண்ணு கலங்கிருச்சுன்னு. கேட்டேன். அதேதான்.”

“அப்பறம் ஏன்…”

“நீங்கதான போறப்ப சொன்னீங்க. இது கெடச்சுட்டா இனி இங்க வர்ற வேலை இல்லைன்னு.” அவள் குரல் நடுங்கவில்லை. தயாராக இருந்த வார்த்தைகள்போலத் தடங்கலில்லாமல் வந்தன. “நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நாளைக்கு வந்தீங்க. இன்னும் ஒரு நாள்னு நெனச்சேன். ரெண்டு பேரும் ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதுல வெச்சுக் கேட்டுட்டு இருப்போம். எனக்கு இருபது வயசுங்க. சொல்றதுக்கு மனசு வரலை. ஒரு நாள் நீங்க மொட்டைத் தலையோட உள்ள வந்தீங்க. எனக்கு வயிறு பகீர்னு ஆயிருச்சு. இனி எப்படிச் சொல்றது? அந்த டேப்பை நாந்தான் தொறந்து வெச்சேன்.”

சுவரில் நீலக் கணு முளைத்தது. ஷாகிரா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருதாசலம் எழுந்து வராந்தாவுக்குப் போனார். அங்கே தண்ணீர்க் குழாய் இருந்தது, குடிக்கத் தோன்றவில்லை. சங்கு ஊதிருச்சாடா என்று அப்பா கேட்டது காதில் விழுந்தது. அந்த மூன்று வாரமும் தினம் கேட்டார். இல்லீங்கப்பா, இன்னும் ஊதலை, இப்ப ஊதிரும் என்று இவர் தினமும் பொய் சொன்னார். அந்தச் சத்தம் காந்திபுரத்தில் ஒரு மேஜை மேல் இருந்திருக்கிறது. கோபம் என்றால் அப்படியொரு கோபம். திரும்பிப் போகாமல் படியிறங்கிவிடலாம் என்றுகூட நினைத்தார்.

ஆனால் மனசு அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, வேறு கணக்கொன்றைப் போட்டது. பட்டை மாட்டி இருபது வருஷம். மனசில் ஒரு பொறி தட்டினால் கோடு போட்டுவிடுகிற பட்டை. அப்படியென்றால் இவள் இருபது வருஷமும் பட்டையோடு இருக்கையில் இதை ஒரு தடவைகூட நினைக்காமல் இருந்திருக்க வேண்டும். அப்பாவின் திதிக்கெல்லாம் தலைவலி என்று பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வாள். ஏன் என்று அவர் கேட்டதில்லை. எல்லாம்தான் பந்தலில் தெரிகிறதே, கேட்பானேன் என்று இருந்துவிட்டார். தலைக்குள் ஓர் இடம் வேண்டும் என்று அவள் கேட்டது இதற்குத்தான் என்று அந்த வராந்தாவில் நிற்கும்போதுதான் உறைத்தது. அவருக்கு அழுகை வந்தது. அழுதார். பங்காளிகள் இருவர் சண்டையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

“ரெண்டு கணுவும் வேற வேறதானுங்க” என்றாள் ஷாகிரா. “அவங்கவங்களுது அவங்கவங்களுக்குன்னு போட்டுறட்டுங்களா?”

“மாத்திப் போடுங்க” என்றார் மருதாசலம்.

“எப்படிங்க?”

“அவ சொன்னதை எனக்கு. நான் சொன்னதை அவளுக்கு.”

ஷாகிரா நிமிர்ந்து பார்த்தாள். “இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லைங்க.”

“தடை ஏதும் இருக்குதுங்களா?”

“இல்லீங்க. ரெண்டு பேரும் ஒத்துக்கோணும், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. சாதாரணமா ஒரு கணுவைக் கொடுத்துட்டாலும் கேட்ட செய்தி மாதிரி ஒரு ஓரத்துல தங்கும். இது ரெண்டும் ஒரே சம்பவம். ஒரே எடத்துல ரெண்டு நிக்காது. வர்றது இருந்ததை மூடிரும். இன்னிக்கு இந்த ரூம்ல அதைப் பத்தி அவங்கவங்க பேசுனதும் அதோட சேந்துதான் போகும்.”

“அப்ப நான் செஞ்சது எனக்கே தெரியாதா?” என்றாள் இந்துமதி.

“தெரியாதுங்கம்மா.”

“வேண்டாங்க. அது நியாயமில்லை. செஞ்சவ நானு.”

“எங்கப்பா சமாச்சாரம் அது” என்றார் மருதாசலம். “எங்கிட்டத்தான் இருக்கோணும். நீ எதுக்கு அதைத் திருப்பூருக்குத் தூக்கிட்டுப் போற?”

“உங்களுக்குக் கோவம் வருங்க.”

“வரும். இப்பவே வந்துதான் இருக்குது. அதை வெச்சுட்டு நான் என்ன பண்றேன்னு நீ பாக்க வேண்டியதில்லை. முப்பத்தெட்டு வருசம் ஒருத்தியாவே வெச்சிருந்தியே, போதாதா?”

அவள் முதன்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். என்ன நினைக்கிறாள் என்று பார்க்க அவர் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்து ரொம்ப வருஷமாகியிருந்தது.

“ரொம்பக் களைச்சுப் போச்சுங்க எனக்கு” என்றாள்.

“தெரியுது. வெய்யி கையை.”

ஷாகிரா நகர்த்தி வைத்த கைரேகைப் பலகையில் அவள் விரலை வைத்தாள். அவரும் வைத்தார். சுவரில் இருந்த பந்தல் நடுவில் மெல்லப் பிரிந்து இரண்டாயிற்று. வலியெல்லாம் ஒன்றுமில்லை. பக்கத்து அறையில் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை யாரோ அணைத்தது போலிருந்தது.

அதற்குப் பிறகு அவளுடைய நினைப்பு வந்தது. கடைசிக் கேபினில் ஓர் ஒல்லிப் பையன், கட்டம்போட்ட சட்டை, தேய்ந்த கீபோர்டில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறான். கவுண்டரிலிருந்து பார்த்தால் அவன் பிடரிதான் தெரிகிறது. அவன் திரும்பிவிடுவானோ என்று பயமாகவும், திரும்ப மாட்டானா என்று ஆசையாகவும் இருக்கிறது. மருதாசலம் தன்னை அப்படி யாரும் பார்த்ததாக அறிந்ததில்லை. அடுத்தாற்போலக் கதவு திறந்து அந்தப் பையன் மொட்டைத் தலையோடு உள்ளே வந்தான். அவருக்கு வயிறு பகீரென்றது. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இந்துமதி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். யாரோ கழுத்திலிருந்து பாரத்தை எடுத்தது போல நிமிர்ந்து நடந்தாள். படியில் அவருக்கு முன்னால் இறங்கியவள், பாதியில் நின்று காத்திருந்தாள்.

“தங்கச்சி மவன் கார் எடுத்துட்டு வரேன்னான். வர்ற வரைக்கும் நில்லுங்களேன்.”

“நிக்கறேன்.”

ரோட்டில் வண்டிகள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் அதைப் பார்த்தபடி என்னவோ யோசித்தாள். என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு லேசாகச் சிரித்தாள்.

“அந்தச் சங்குச் சத்தம் கெடச்ச அன்னிக்கு நீங்க எந்திரிச்சு நின்னீங்களே. எனக்கு இப்பத்தான் கண்ணு முன்னால நிக்குது. உங்களுக்கு நெனப்பிருக்குதுங்களா?”

“இருக்குது.”

“நீங்களாவேதான கண்டுபுடிச்சீங்க.”

அவர் ரோட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன கண்டாளோ, இரண்டு வருஷத்தில் முதன்முறையாகக் கை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டாள்.

“மாமா சங்கைக் கேக்காமப் போயிட்டாங்கன்னு இன்னுமா மனசுல வெச்சுட்டு இருக்கறீங்க? விட்டுருங்க. நீங்க என்ன வேணும்னா தாமசம் பண்ணீங்க? தெனமும் வந்து தேடிட்டுத்தான இருந்தீங்க. உங்க பேர்ல ஒரு தப்பும் இல்லைங்க.”

கார் வந்து நின்றது. அவள் கையை எடுக்கவில்லை, அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா இந்து” என்றார் மருதாசலம். “யாரு பேர்லயும் தப்பு இல்லை.”